"இட் வுட் பி நைஸ்" என்று ஒருவர் எழுதினால் அது ஆசையா, ஆர்டரா?

பித்பிளாக் மீனாட்சிபுரம்:
எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சியில் இருந்து வந்தால் மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டியதும் கேரளா, அங்கேதான் எங்கள் யூனிட். தேங்காய் நார்க்கழிவை, அதாவது பித்தை, கழுவி உப்பைக் குறைத்து, காயவைத்து, 5 கிலோ பிளாக்காக அழுத்தி வெளிநாட்டு நர்சரிகளுக்கு அனுப்புகிறோம். மெயில், பில், கன்டெய்னர் புக்கிங் எல்லாம் என் தலையில். இங்கிலாந்தில் வாங்குகிற ஒருவர் அனுப்பிய மெயிலில் ஒரு வரி: "இட் வுட் பி நைஸ் இஃப் யூ குட் புட் த லேபிள் ஆன் போத் சைட்ஸ் ஆஃப் த பேலட்." அதாவது சரக்கு அடுக்குகிற பலகைத் தட்டின் இரண்டு பக்கமும் லேபிள் ஒட்டினால் நைஸாக இருக்குமாம். முதலாளி படித்துவிட்டு, "ஒட்டினா நல்லா இருக்கும்னுதானே சொல்றான், ஒட்டியே ஆகணும்னு சொல்லலையே, விடு" என்கிறார். எனக்கு என்னவோ அந்த ஆள் கேட்டேவிட்டார் என்று படுகிறது. அகராதியைப் புரட்டினால் இனிமையான, நல்ல, அழகான என்று மூன்று சொல்லைப் போட்டு ஒதுங்கிக்கொள்கிறது, அதை வைத்து முதலாளியிடம் வாதாட முடியாது. சரக்கு ஏற்றுவதற்குள் முடிவு பண்ண வேண்டும். இங்கிலீஷ்காரர்களோடு புழங்கியவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் மாவுமில்:
தம்பி, நம்ம மில்லுக்கு வாங்க, நைஸுக்கு அர்த்தம் நான் சொல்றேன். இடியாப்பத்துக்கும் பத்திரிக்கும் நைஸ், புட்டுக்குக் கொரகொரப்பு. அவ்வளவுதான் விஷயம்.

வண்டிப்பெரியாறு சிஸ்டர்:
ஒட்டிவிடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். நான் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது இங்கிலாந்தில் வார்டு நர்ஸ். எங்கள் வார்டு மேனேஜர் ஒரு நாளும் "இதைச் செய்" என்று சொல்லிக் கேட்டதில்லை. "ஆறாம் நம்பர் பெட் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ரெடியானால் நைஸாக இருக்கும்" என்பார், சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு பேர் அந்தப் பெட்டுக்குப் போயிருப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது விநோதமாக இருந்தது. நம் எஸ்டேட்டில் கங்காணி போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும், இங்கே ஆர்டர் இப்படிப் பஞ்சு மாதிரி வருகிறது. வளர்ந்த ஆளைப் பார்த்து "நீ செய்தாக வேண்டும்" என்று சொல்வது இங்கே மரியாதைக் குறைவு, அதனால் "நீங்கள் செய்தால் எனக்கு மகிழ்ச்சி" என்கிற ரூபத்தில் சொல்கிறார்கள். செய்யாமல் விட்டால் சண்டைக்கு வர மாட்டார்கள். அடுத்த மெயிலில் "முன்பே குறிப்பிட்டபடி" என்று ஒரு வரி வரும், அது வந்துவிட்டால் ஆள் கடுப்பில் இருக்கிறார் என்று அர்த்தம்.

கஞ்சிக்கோடு கம்ப்யூட்டர்:
அக்கா சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் வேலை பார்க்கும் இடத்தில் வாடிக்கையாளர் தரும் பட்டியலில் இரண்டு பிரிவு இருக்கும், ஒன்று "மஸ்ட் ஹேவ்", இன்னொன்று "நைஸ் டு ஹேவ்". முதலாவது இல்லாமல் சாப்ட்வேரை வாங்கவே மாட்டான். இரண்டாவது நேரமும் காசும் மிஞ்சினால் செய்கிற சமாச்சாரம், பாதி நேரம் அது கடைசி வரைக்கும் பட்டியலிலேயே கிடக்கும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்திலும் இதே கதைதான், "நைஸ் டு ஹேவ்" என்ற தலைப்புக்குக் கீழே இருப்பது தெரியாவிட்டாலும் தைரியமாக விண்ணப்பிக்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் மீனாட்சிபுரம் முதலாளி சொல்வதில் தப்பில்லையே?

வண்டிப்பெரியாறு சிஸ்டர்:
கம்ப்யூட்டர் தம்பி, நீங்கள் சொல்வது பட்டியல், அவர் காட்டியது மெயில். பட்டியலில் பக்கத்திலேயே "மஸ்ட்" என்று ஒன்று நிற்கிறது, அதோடு ஒப்பிட்டால்தான் நைஸ் இளைத்துப் போகிறது. மெயிலில் அந்த மஸ்ட் எங்கே இருக்கிறது? அந்த வரியில் நைஸை விட்டுவிட்டு "இஃப் யூ குட்" என்பதைப் பாருங்கள். "உங்களால் முடிந்தால்" என்று உங்களைப் பார்த்துச் சொன்ன பிறகு அது வேண்டுகோள்தான். "இட் வுட் பி நைஸ் இஃப் த ரெயின் ஸ்டாப்ட்" என்றால் அது வெறும் ஆசை, மழையை நிறுத்த உங்களால் ஆகாது. லேபிள் ஒட்டுவது உங்கள் கையில் இருக்கிற காரியம், கேட்பவர் காசு கொடுக்கிறவர்.

பித்பிளாக் மீனாட்சிபுரம்:
இந்த மழை உதாரணத்தை அப்படியே முதலாளியிடம் சொன்னேன் சிஸ்டர். "சரி, ஒட்டித் தொலை" என்றார். ரொம்ப நன்றி. ஆனால் இப்போது எனக்கே ஆர்வம் வந்துவிட்டது, ஒரே சொல் எப்படி இத்தனை வேஷம் போடுகிறது? எங்கள் யூனிட்டில் பித்தைச் சலிக்கிற அக்கா ஒருத்தர் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "நைஸா வேணும்னா சின்னக் கண்ணு சல்லடை போடணும்ல" என்று கேட்டார். அவர் கேட்டதும் சரிதானே.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன், தமிழ் மீடியம். ஒரு கட்டுரையில் நைஸ் இல்லாத வரியைத் தேடுவது எனக்குத் தினசரி வேலை. மை வில்லேஜ் இஸ் நைஸ், மை டீச்சர் இஸ் நைஸ், த கவ் இஸ் நைஸ், ஓணம் இஸ் நைஸ், பொங்கல் இஸ் வெரி நைஸ். இங்கே இரண்டு பண்டிகையும் உண்டு என்பதால் நைஸும் இரண்டு மடங்கு. என்னோடு வேலை பார்க்கும் சிலர் அந்தச் சொல்லையே தடை பண்ணிவிடுவார்கள், எழுதினால் அரை மார்க் குறைப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தடை போட்டால் பிள்ளை நைஸை எடுத்துவிட்டு "பியூட்டிஃபுல்" என்று வைக்கும், பசுமாடு பியூட்டிஃபுல் ஆகும், வேறு ஒன்றும் மாறாது. நான் ஓரத்தில் "என்ன நைஸ்?" என்று மட்டும் எழுதி நோட்டைத் திருப்பித் தருவேன். ஒரு பையன் பசுவுக்கு அடுத்த முறை "இட் கம்ஸ் வென் ஐ கால்" என்று எழுதிக்கொண்டு வந்தான். அந்த வரியில் பண்புச்சொல்லே இல்லை, ஆனால் மாடு கண்ணுக்குத் தெரிகிறது.

இலக்கணம் கேட்கிறவர்களுக்கு ஒன்று. பிள்ளைகள் என்ன, பெரியவர்களே தடுக்கி விழுவது நைஸுக்குப் பின்னால் வருகிற குட்டிச் சொல்லில்தான். "இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ" என்றால் நீங்கள் ஒன்று செய்தீர்கள், அது உங்கள் நல்ல குணம் என்று பாராட்டு. "ஷி வாஸ் நைஸ் டு மீ" என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொண்டாள். "தட்ஸ் நைஸ் ஃபார் யூ" என்றால் உங்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது, அதில் உங்கள் குணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, சொல்கிற குரலைப் பொறுத்து வயிற்றெரிச்சல்கூட இருக்கலாம். உதவி செய்தவருக்கு "நைஸ் ஃபார் யூ" என்று நன்றி மெயில் போட்டால் அவர் குழம்பிப் போவார்.

செங்கோட்டைப் பழசு:
டீச்சரம்மா, உங்கள் சக ஆசிரியர்களுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே கூட்டாளி இருந்திருக்கிறார். ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 கடைசியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' நாவலில், ஒரு பெண் ஒரு புத்தகத்தை நைஸ் புத்தகம் என்று சொல்லிவிடுவாள், உடனே கூட இருக்கிற இளைஞன் அவளைக் கிண்டல் பண்ணிக் கிழிப்பான், இன்றைக்கு நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்களும் நைஸ் என்று. ஆக, இந்தச் சொல் தேய்ந்துவிட்டது என்ற புலம்பல் நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை.

இதைவிடச் சுவாரசியம் அதன் பிறப்பு. லத்தீனில் 'ஸ்கிரே' என்றால் அறிதல், அதற்கு முன்னால் 'நெ' போட்டால் மறுப்பு, 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலீஷுக்கு வந்தபோது நைஸ் என்றால் முட்டாள்! ஒருவனை நைஸ் என்று சொன்னால் அடிக்க வந்திருப்பான். அதே ஸ்கிரேயில் இருந்துதான் சயின்ஸும் வந்தது, அப்படிப் பார்த்தால் சயின்ஸும் நைஸும் பங்காளிகள், ஒன்று அறிவு வீட்டில், மற்றது அறியாமை வீட்டில். முட்டாள் என்பதில் இருந்து ஒழுக்கம் கெட்ட, அளவு மீறிய என்று கொஞ்ச காலம் திரிந்து, அப்புறம் எதற்கும் முகம் சுளிக்கிற, பொறுக்கி எடுக்கிற ஆளைக் குறித்து, அங்கிருந்து நுணுக்கமான, மெல்லிய, துல்லியமான என்று 1500களில் வந்து சேர்ந்தது. இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பிடித்துக்கொண்டது. அன்பான என்பது அதற்கும் பிறகு, 1830 வாக்கில்.

கஞ்சிக்கோடு கம்ப்யூட்டர்:
தமிழிலும் நாற்றம் என்றால் முதலில் நறுமணம்தானே

செங்கோட்டைப் பழசு:
வந்துவிட்டதா நாற்றம்! சொல் பொருள் மாறுகிறது என்று எங்கே பேச்செடுத்தாலும் மூன்றாவது ஆள் இதைக் கொண்டுவந்து வைக்கிறார். உண்மைதான் தம்பி, ஆனால் நைஸ் போன திசை அதற்கு நேர்எதிர், கீழே இருந்து மேலே ஏறியது. இங்கிலீஷிலேயே ஜோடி வேண்டும் என்றால் 'சில்லி'யை எடுங்கள். அது ஆதியில் பாக்கியம் பெற்ற, மகிழ்ச்சியான என்ற பொருளில் இருந்து, கள்ளம் இல்லாத, பாவமான என்று இறங்கி, கடைசியில் முட்டாள்தனமான என்று தரையைத் தொட்டது. ஒருவன் முட்டாளில் இருந்து நல்லவன் ஆனான், இன்னொருவன் பாக்கியவானில் இருந்து முட்டாள் ஆனான்.

சித்தூர் கோர்ட் வராந்தா:
நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா சித்தூர் இல்லை, ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. பழசு ஐயா சொன்ன 'நுணுக்கமான' என்ற பொருள் செத்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், எங்கள் தொழிலில் அது உயிரோடு இருக்கிறது. தீர்ப்புகளில் "எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா" என்று வந்தால் நல்ல கேள்வி, அழகான கேள்வி என்று நீதிபதி தட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற, மயிரிழையில் தீர்க்க வேண்டிய, பிடிகொடுக்காத சட்டப் பிரச்சினை என்று அர்த்தம். "நைஸ் டிஸ்டிங்ஷன்" என்றாலும் அப்படியே, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத நுண்ணிய வேறுபாடு. புதிதாக வருகிற ஜூனியர் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு நம்ம பக்கம் காற்றடிக்கிறது என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடுவார்கள், அந்த ஆள் இனிப்பு வாங்கப் போய்விடுவார்.

பாலக்காட்டு மருமகள்:
எனக்கு ஒரு சந்தேகம். நான் உடுமலைப்பேட்டை, கல்யாணமாகி வந்தது இங்கே, வீட்டில் மலையாளம்தான். மாமியார் சுடுவது "நைஸ் பத்திரி". மெல்லிசாக, அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரிகிற மாதிரி இருக்கும், அரிசிமாவில் செய்வது. காலேஜ் போகிற நாத்தனார் "அவன் நைசாயிட்டு முங்ஙி" என்பாள், அதாவது ஓசைப்படாமல் கம்பி நீட்டிவிட்டான். நாங்களும் உடுமலையில் "நைசா நழுவிட்டான்", "நைசா பேசிக் காசு வாங்கிட்டான்" என்போம். "என்ன, நைஸ் பண்றியா?" என்றால் காரியம் ஆவதற்குக் குழைகிறாயா என்று அர்த்தம். இங்கிலீஷ்காரன் அன்பானவன் என்று சொல்வதற்கு வைத்திருக்கிற சொல்லை நாம் ஏன் திருட்டுத்தனத்துக்கு வைத்தோம்? நம்ம புத்தி அப்படியா?

வேலந்தாவளம் மாவுமில்:
இப்பப் பேசலாம்ல நான்? சிரிச்சீங்களே முதல்ல.

நம்ம மில்லுக்கு இந்தப் பக்கம் கோயமுத்தூர் ஆளும் வருவாங்க, அந்தப் பக்கம் மலையாளத்து ஆளும் வருவாங்க. வாளியை வைக்கும்போது ரெண்டு பேரும் சொல்ற ஒரே சொல்லு நைஸ். ஊறவச்சு நிழல்ல உலர்த்தின அரிசியை மேல கொட்டிட்டு, கீழ வர்ற மாவை நாலு விரல்ல ஏந்திக் கட்டைவிரலால தேய்ச்சுப் பார்ப்பேன். விரலுக்கு நடுவுல மணல் மாதிரி நெருடினா அது புட்டுக்குப் போகும், இல்லேன்னா இன்னும் இறுக்கி மறுபடி விடணும். நெருடாம, தேய்க்கத் தேய்க்க விரல்ல வழுக்கிக்கிட்டு ஒட்டுச்சுன்னா அது நைஸ். மாவு சூடாயிரக் கூடாது, சூடேறினா வாசம் போயிரும். இதுல எங்கேயும் திருட்டுத்தனம் இல்ல தாயி. மாவு தொண்டையில தெரியாம இறங்கற மாதிரி அவன் வீட்டை விட்டு இறங்கறான், அதனால நைசா போயிட்டான். சத்தமும் இல்ல, நெருடலும் இல்ல.

செங்கோட்டைப் பழசு:
மில்லுக்காரரே, மூன்று பத்தி எழுத இருந்தேன், மிச்சப்படுத்திவிட்டீர்கள். நைஸ் துணி, நைஸ் மாவு, நைஸ் பத்திரி எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து 'மெல்லிய, நுணுக்கமான' என்ற பொருளோடு ஒட்டிப்போகிறது. இனிமையான என்ற பொருள் நம்ம ஊர் மாவுக்குள் வரவே இல்லை. ஆனால் இதில் இங்கிலீஷுக்கு முழுப் பட்டயம் எழுதிக் கொடுக்க எனக்கு மனசில்லை. தமிழில் 'நைதல்' என்று பழைய வினை இருக்கிறது. துணி நைந்து போகிறது, பருப்பை நைய மசிக்கிறோம், ஒருவனை நையப் புடைக்கிறோம். "நைய அரை" என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்க்கு "நைசா அரை" என்பது அந்நியமாகவே பட்டிருக்காது. வெளியூர்ச் சொல் ஒன்று வந்து சட்டென்று ஒட்டிக்கொண்டது என்றால் அங்கே ஏற்கெனவே ஒரு உள்ளூர்ச் சொல் பாய் விரித்து வைத்திருந்தது என்பது என் கட்சி.

திருட்டுத்தனத்துக்கு இன்னொரு பாய் இருக்கிறது. 'நைச்சியமாகப் பேசி' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், தன்னைத் தாழ்த்திக் குழைந்து பேசிக் காரியம் சாதிப்பது. நீசம் என்ற வடசொல்லின் வழியில் வந்தது நைச்சியம். வைணவத்தில் 'நைச்சியானுசந்தானம்' என்றே ஒரு மரபு, பகவானுக்கு முன்னால் நான் ஒன்றும் இல்லாதவன், தாழ்ந்தவன் என்று சொல்லிக்கொள்வது. கோயிலில் அது பக்தி, தெருவில் அதையே ஒருத்தன் பலசரக்குக் கடைக்காரரிடம் கடன் வாங்கச் செய்தால் நைச்சியம். "நைச்சியமா பேசினான்" என்பதும் "நைசா பேசினான்" என்பதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஒரே பொருளில், ஒரே தொனியில் வருகின்றனவே, இதைத் தற்செயல் என்று விட முடியுமா?

சித்தூர் கோர்ட் வராந்தா:
ஐயா, ஒலி ஒத்துப்போனால் உறவு என்று சொத்தில் பங்கு கொடுத்துவிட முடியாது. நைய, நைச்சியம் எல்லாம் சாட்சி சொல்லலாம், வாரிசு ஆக முடியாது. மலையாளத்துப் பிள்ளைகளும் நைசாயிட்டு என்று இதே பொருளில் சொல்கிறார்களே, அவர்கள் யாரும் வீட்டில் நைச்சியானுசந்தானம் படித்து வளரவில்லை. இங்கிலீஷ் நைஸ்தான் வேர் என்பதற்கு அந்த 'ஸ்' ஒன்று போதும். நையவில் ஸ் எங்கே?

செங்கோட்டைப் பழசு:
வேர் இங்கிலீஷ் என்பதை நான் மறுக்கவே இல்லையே வக்கீல் சார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, இங்கே ஏன் தேங்கியது என்பது வேறு கேள்வி, நான் சொல்வது இரண்டாவதை. இன்னொன்றும் பாருங்கள். இங்கிலீஷில் 'பிரிட்டி' என்ற சொல் முதலில் தந்திரமான, கள்ளத்தனமான என்ற பொருளில் இருந்துதான் அழகான என்று ஆனது. அவர்கள் கள்ளனை அழகன் ஆக்கினார்கள், நாம் நல்லவனைக் கள்ளன் ஆக்கினோம். நம்ம புத்தியா என்று மருமகள் கேட்டதற்கு இதுதான் பதில், எல்லா ஊர்ப் புத்தியும் இப்படித்தான் புரளும்.

வண்டிப்பெரியாறு சிஸ்டர்:
நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து பார்த்தால் நைச்சியம் வரை போயிருக்கிறீர்கள். நான் நடைமுறை விஷயம் இரண்டு சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். இங்கே "நைஸ்" என்று சொல்லாததையும் கவனிக்க வேண்டும். ஒரு நோயாளி என் கையைத் தட்டிவிட்டபோது கூட இருந்த ஆயா "தட் வாஸ்ன்ட் வெரி நைஸ், வாஸ் இட்?" என்றார். எழுத்தில் பார்த்தால் 'அது அவ்வளவு நன்றாக இல்லை' என்று சப்பென்று இருக்கும், காதில் விழுந்தபோது அது ஓங்கிக் கன்னத்தில் விட்ட மாதிரி, அந்த ஆள் தலை குனிந்துவிட்டார். பிள்ளைகளிடம் "பி நைஸ்" என்றால் ஒழுங்காக நடந்துகொள் என்ற மிரட்டல். "நைஸ் ட்ரை" என்றால் தோற்றுவிட்டாய் என்பதன் மரியாதை ரூபம், அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லக் கூடாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கிடப்பதைப் பார்த்து "வெல், திஸ் இஸ் நைஸ்" என்றால் நம்ம "நல்லா இருக்குடி லட்சணம்" என்பதேதான்.

இன்னொன்று ரெஃபரன்ஸ் கடிதம். யாருக்காவது வேலைக்குச் சிபாரிசு எழுதும்போது "ஷி இஸ் எ நைஸ் கேர்ள்" என்று மட்டும் எழுதாதீர்கள். வேலையைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, பாவம் நல்ல பிள்ளை என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். நம்ம ஊரில் இருந்து அனுப்பப்படும் கடிதங்களில் இது நிறைய வருகிறது. என்னென்ன செய்வாள், எந்த வார்டில் நின்றாள், எத்தனை பேரை ஒற்றையாகச் சமாளித்தாள் என்று எழுதினால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும்.

பித்பிளாக் மீனாட்சிபுரம்:
ஒரு கேள்வி, கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வீடியோ கால் முடிக்கும்போது "நைஸ் டு மீட் யூ" என்று சொன்னால் தப்பா? நம்ம ஆட்கள் ஒவ்வொரு காலிலும் சொல்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
முதல் முறை பார்க்கும்போது "நைஸ் டு மீட் யூ". அந்த முதல் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது "நைஸ் மீட்டிங் யூ" அல்லது "இட் வாஸ் நைஸ் டு மீட் யூ". அதற்குப் பிறகு ஆயுசுக்கும் "நைஸ் டு சீ யூ" அல்லது "நைஸ் டாக்கிங் டு யூ". பத்தாவது காலிலும் மீட் என்று சொன்னால், முந்தைய ஒன்பது காலிலும் என்னோடு பேசியது யார் என்று அவர் யோசிப்பார். தலை போகிற தப்பு ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

கம்பம் மெட்டு ஜீப்:
இவ்வளவு நேரம் ஓரமா நின்னு படிச்சேன். மேல சர்க்கரை தூவி தேங்காய் வாசம் அடிக்குமே ஒரு பிஸ்கட்டு, நைஸ்னு எழுத்து பொறிச்சு, டீயில முக்கினா உடனே உடைஞ்சு விழுமே, அது எந்த நைஸ்? நல்ல பிஸ்கட்டா, மெல்லிசு பிஸ்கட்டா?

செங்கோட்டைப் பழசு:
அங்கே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது ஜீப்காரரே. பிரான்ஸில் கடற்கரையில் ஒரு நகரம், எழுதுவது இதே என், ஐ, சி, ஈ, படிப்பது 'நீஸ்'. பிஸ்கட்டு அந்த நகரத்தின் பெயரா, இல்லை இந்தச் சொல்லா என்று அவர்கள் ஊரிலேயே சண்டை ஓய்ந்தபாடில்லை. நீங்கள் டீயில் முக்குவதற்கு எந்த உச்சரிப்பும் தோதுதான்.

கம்பம் மெட்டு ஜீப்:
டீன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. குமுளியில ஜீப் சவாரிக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க ஏலக்காய் டீயைக் குடிச்சுட்டு "நைஸ் அண்ட் ஹாட்" என்பாங்க. நல்லதும் சூடும்னு ரெண்டு தனித்தனிப் பாராட்டா? டீச்சர் சொல்லுங்க, அதையே போர்டுல "நைஸ் அண்ட் ஹாட் டீ"ன்னு எழுதிவைக்கலாம்னு கடைக்காரர் சொல்றார்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
இரண்டு பாராட்டு இல்லை, ஒன்றுதான். சூடு வேண்டிய அளவுக்குப் பதமாக இருக்கிறது என்பதைத்தான் "நைஸ் அண்ட் ஹாட்" என்கிறார்கள், நாம் "நல்ல சூடு" என்கிறோமே அதே நல்ல. டீயின் சுவையைப் பற்றி அவர்கள் இன்னும் வாயே திறக்கவில்லை. "த டீ இஸ் நைஸ் அண்ட் ஹாட்" என்று வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் சரியாக உட்காரும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் "நைஸ் அண்ட் ஹாட் டீ" என்று வைத்தால் இடறும். போர்டுக்கு "நைஸ் ஹாட் டீ" போதும். நைஸ் முதலில், ஹாட் அடுத்து, மாற்றி எழுதிவிட வேண்டாம், நம் அபிப்பிராயத்தைச் சொல்கிற சொல் எப்போதும் முன்னால்தான் நிற்கும். கார்டமம் சேர்ப்பதாக இருந்தால் அது டீயை ஒட்டி, "நைஸ் ஹாட் கார்டமம் டீ". போர்டு எழுதுகிறவரிடம் கார்டமத்துக்கு எழுத்துக்கூட்டி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.